பழுதாகாத சாமான்

பருப்பில் வண்டு விழாமல் இருக்க வேண்டுமானால் காய்ந்த மிளகாய் நாலைந்தைக் காம்போடு போட்டு வைக்க வேண்டும். சீனிக்குக் கராம்பு. அரிசிக்கு, துணியில் முடிந்த அடுப்புக்கரி. எங்கள் மலையில் பனி சுவரைத் தாண்டி உள்ளேயே இறங்கும். கரி இல்லாவிட்டால் அரிசி பூஞ்சணம் பிடித்துவிடும். இதையெல்லாம் நீங்கள் எழுத வேண்டியதில்லை, மேடம். வீட்டில் செய்து பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

"ஆறுதலாச் சொல்லுங்கோ அம்மா, ஒண்டும் அவசரமில்லை" என்றீர்கள். பேச்சிலேயே யாழ்ப்பாணம் என்று தெரிந்துவிட்டது. தமிழில் வாக்குமூலம் எடுக்க நீங்கள் வரும்வரை என்னை வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல பிள்ளை. ஆனால் சீனியை அள்ளிப் போட்டிருந்தார். வாங்குகிற கை வேறு, போடுகிற கை வேறு என்றால் அப்படித்தான் நடக்கும். வீணாக்காமல் குடித்துவிட்டேன்.

என் பெயர் நாகலெட்சுமி. நோர்வூட்டுக்கு மேலே உள்ள தோட்டத்தில் கொழுந்து பறித்தே இடுப்பு தேய்ந்து, போன வருடம்தான் வேலையை விட்டேன். வீட்டுக்காரர் நல்லமுத்து இப்போது இல்லை. ஒரே மகள் சுலக்ஷனா, கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்துவிட்டு, கல்யாணமாகி ராகலைக்குப் போனவள். தலைப்பிரசவத்துக்காக என்னிடம் வந்திருக்கிறாள். வீட்டில் இன்னொருவரும் இருந்தார். வீட்டுக்காரரின் அக்கா மீனம்மா. நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர் இறந்ததைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். அதற்கு வருகிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் வரும். அடுக்கி வைத்துப் பழகிய கை.

லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவின் பின்பக்கம், சமைக்கிற குசினியை ஒட்டி ஒரு சின்ன இடம் இருக்கிறது. உங்கள் ஆட்கள் அதன் கதவைத் திறந்தபோது ஒருவர் விசிலடித்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள். நீலப் பீப்பாய்களில் அரிசி, சீனி, பருப்பு. பலகையில் பால்மா, டின் மீன், சவர்க்காரம், தேங்காய் எண்ணெய். நெருப்புப் பெட்டிகளைப் பொலித்தீனில் சுற்றி மேலே வைத்திருக்கிறேன், ஈரம் ஏறாமல். பழையது முன்னால், புதியது பின்னால். நகரத்துக் கடைகளில்கூட இந்த ஒழுங்கு இல்லை.

அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். கூட்டுறவுக் கடையை உடைத்தேன் என்று ஒரு பேச்சு. ஹட்டன் முதலாளி ஒருவரோடு தொடர்பு என்று இன்னொரு பேச்சு. இந்த வயதில், இந்த இடுப்போடு. ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒரு மணி அரிசிகூடத் திருடியது இல்லை. எல்லாம் முன்வாசல் வழியாக வந்தவை. மற்றவர்கள் சுமந்துவந்து, கண்ணீரோடு என் கையில் கொடுத்தவை.

நாடு கவிழ்ந்த வருடம் உங்களுக்கும் நினைவிருக்கும். கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. எங்கள் தோட்டத்துக் கடையில் அப்போது இருந்தது கடைக்காரர் மட்டும்தான். அந்த நாட்களில் சுலக்ஷனா தன் போனில் ஒரு அம்மாவைக் காட்டினாள். குறைந்த செலவில் ஒரு வருடத்துக்கான சாமான் சேர்ப்பது எப்படி என்று அவர் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த அலமாரி எங்கள் காம்பராவைவிடப் பெரியது. ஒவ்வொரு முறை கடைக்குப் போகும்போதும் ஒன்று கூடுதலாக வாங்குங்கள் என்றார். ஒன்று கூடுதலாக வாங்குவதற்கு முதலில் ஒன்று வாங்க வேண்டும். அந்த முதல் ஒன்றைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

ஆனால் கடைசியில் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். உங்கள் ஊரில் எது தானாக வருகிறதோ அதை வீணாக்காமல் பிடித்து வையுங்கள் என்றார். அவர் சொன்னது மழைத்தண்ணீரை. நான் அதைக் கொஞ்சம் விரித்து யோசித்தேன்.

அந்த வருடம் மாசியில்தான் வீட்டுக்காரர் இறந்தார். மலையில் குளவிக் கூடு கலைந்து மொத்தமாக மொய்த்துவிட்டது. இதில் என் கை எதுவும் இல்லை. குளவியைத்தான் விசாரிக்க வேண்டும். நல்ல மனிதர். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் உப்பு இருந்திருக்காது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டோம். மூன்றாம் நாள் பால் தெளிக்கும்வரை மற்ற வீட்டார் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மரண உதவிச் சங்கம் வீட்டுக்கு வீடு காசு சேர்த்துத் தரும். அவருக்கும் எல்லாம் குறைவில்லாமல் செய்தார்கள். பாதை நெடுக வெள்ளைக் கொடி, தப்பு மேளம், எல்லாம். சங்கத்துக் காசும் கையில் வந்தது. பார்க்கத் தடிமனான கட்டுதான். நோர்வூட் கடைத்தெருவின் ஒரு முனையில் இறங்கி மறுமுனையில் ஏறுவதற்குள் கரைந்துவிட்டது. வீட்டில் மிச்சம் கிடந்தது பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் சோற்றுப் பார்சலும். எல்லாம் ஊசிப்போய்விட்டது. ஒரு கூடை நிறையப் பாணை மாட்டுக்குக் கொட்டினேன். அவரைப் பெட்டியில் வைத்தபோதுகூட எனக்கு அழுகை சரியாக வரவில்லை. மாடு தின்பதைப் பார்த்தபோதுதான் குமுறிக் குமுறி அழுதேன். ஒரு மனிதன் உயிரைக் கொடுத்து, அதில் வந்தது மாட்டுக்குப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது.

அவர் சாவு வீணாகப் போய்விட்டது. இப்போதும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

அதனால்தான் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். கோயில் மண்டபத்தில் கூட்டம். தலைவர் செல்லசாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் எழுந்து பேசுவது அங்கே வழக்கம் இல்லை. ஆனால் புதிதாகப் புருஷனை இழந்தவளை யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

"தலைவரே, காசு குடுத்தா அது காத்துல போகுது. சமைச்சது மறுநாளு ஊசிப்போகுது. அதுக்குப் பதிலா வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி, கொஞ்சம் சீனி, பருப்பு, முடிஞ்சவங்க பால்மா, சவுக்காரம்னு குடுத்தா, எழவு வீட்டு சனம் பொறவு கொஞ்ச காலம் கையேந்தாம பொழச்சுக்கும்ல?"

"லெட்சுமி அக்கா சொல்றது ஞாயந்தாங்க" என்றார் செல்லசாமி. "வலிய அனுபவிச்சவங்க. நம்மளுக்காகத்தான் பேசுறாங்க."

அழகன் என்று ஒருவன், எதற்கும் குறுக்கே பேசுகிறவன், "பாணும் பழமும் குடுத்தா ஆகாதாக்கும்?" என்றான்.

"ஆகும் தம்பி. திங்கிறதுக்கு ஆகும். வைக்கிறதுக்கு ஆகாது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கொடுக்கிற சாமான் பழுதாகாததாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. முன்வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நான் அன்று சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்தத் தீர்மானத்தால் எத்தனை வீடுகள் பிழைத்தன என்று கேட்டுப் பாருங்கள். இந்த வாக்குமூலத்தில் அதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

அதற்குப் பிறகு தோட்டத்தில் இரண்டு சாவு. பங்குனி வெயிலில் கொழுந்து காய்ந்து, வேலை பாதியாகக் குறைந்திருந்த நேரத்தில் எங்கள் லயத்து முத்துலிங்கத்தின் அப்பா போனார். பாவம், முத்துலிங்கத்துக்கு வந்தது பெரும்பாலும் கோதுமை மா. இல்லாதவர்கள் எதைக் கொடுப்பார்கள். அழகனின் அம்மாவோ ஐப்பசியில், தீபாவளி முற்பணம் எல்லார் கையிலும் வந்த வாரத்தில் கண்ணை மூடினார். அழகன் வீட்டு வாசல் இஸ்தோப்பில் கால் வைக்க இடமில்லை. சம்பா அரிசி, டின் மீன், பால்மா, மணக்கிற சவர்க்காரம். கையில் காசு இருக்கிறபோது மனிதர்களுக்கு இரக்கம் நன்றாக வருகிறது. அழகன் ஒரு கண்ணால் அம்மாவுக்கு அழுதுகொண்டே மறு கண்ணால் பால்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்லவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இனி மதினியைப் பற்றிச் சொல்கிறேன்.

மீனம்மா மதினிக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இளம் வயதிலேயே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், தேய்ந்து திரும்பி வந்தவர். எங்கள் காம்பராவுக்குத் தகரம் மாற்றியது அவர் அனுப்பிய காசில். சுலக்ஷனா உயர்தரம் வரை படித்ததும் அவர் காசில்தான். அதை அவர் சொல்லிக்காட்டியதே இல்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். சுலக்ஷனாவுக்கு அத்தை என்றால் உயிர். போனில் என்னோடு ஒரு நிமிடம் பேசினால் அத்தையோடு அரை மணி நேரம் பேசுவாள். அதெல்லாம் பரவாயில்லை, நான் பொறாமை பிடித்தவள் அல்ல.

மதினிக்குச் சுகர் இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மாதாமாதம் மாத்திரை கொடுப்பார்கள். வெள்ளை நிறம், வட்டம். அவருக்கு எழுத்து தெரியாது. மருந்தெல்லாம் என் பொறுப்பு. காலையிலும் மாலையிலும் நான்தான் எடுத்துக் கையில் கொடுப்பேன். அவருக்குக் குறைவைத்தது ஒன்றே ஒன்று, இனிப்பு. எங்கள் ஆட்கள் பிளேன்டீயில் சீனி போட மாட்டார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பார்கள். மதினி வெறும் கையைப் பார்த்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பதைப் பார்த்தால் கல் மனதும் கரையும்.

அழகனின் அம்மா செத்த மறுவருடம். சாமான் விலை இறங்கவில்லை. சம்பளத்தில் அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருந்தது தீர்ந்து, பலகையின் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது. இப்போது உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பயம் தெரியாது. பீப்பாய்க்குள் அளக்கிற சுண்டை விட்டால் அடியில் உரசும் ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் இரவில் எழுந்து எழுந்து பீப்பாயைத் தட்டிப் பார்ப்பேன். பசியில் வளர்ந்தவள் நான். அந்தப் பயத்தை நீங்கள் சட்டத்தில் எந்த இடத்தில் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் ஒரு நாளும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. அடுக்கி வைக்கிறபோது மனதில் தானாகத் தோன்றியது. வீட்டில் இரண்டு பேர் சாப்பிடுகிறோம். ஒருவர் குறைந்தால் செலவு குறையும், வரவு கூடும். அவ்வளவுதான். யாரும் யோசிக்கக்கூடிய விஷயம். யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

நான் கெட்டவள் என்றால் அப்போதே ஏதாவது செய்திருப்பேன். அது பங்குனி. மதினிக்கு அந்த மாதம் கடுமையான காய்ச்சல் வந்தது. நான் எப்படித் துடித்தேன் என்று லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பக்கத்து வீட்டு அழகுமுத்துவின் த்ரீவீலில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கட்டில் காலடியில் தரையில் படுத்து, கஞ்சி ஊட்டி, காப்பாற்றிக் கொண்டுவந்தேன். டாக்டரே பாராட்டினார். மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடவில்லை. பங்குனியில் போயிருந்தால் வெறும் கோதுமை மாதான் வந்திருக்கும்.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்குக் கோயில் கட்டணும் புள்ள. கூடப் பொறந்தவ செய்யமாட்டா இந்த மாதிரி" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு உண்மையாகவே பாசம் இருந்தது.

ஆவணி பிறந்த பிறகு மாத்திரையை மாற்றினேன். டிஸ்பென்சரியில் எலும்புக்கென்று எனக்கு ஒரு சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதுவும் வெள்ளை, அதுவும் வட்டம். அதை அவருக்குக் கொடுத்தேன். சத்துத்தானே, விஷம் இல்லையே. சுகர் மாத்திரையை ஒரு பழைய மால்ட் டின்னில் போட்டு வைத்தேன். எறிந்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. மருந்து கிடைக்காமல் சனங்கள் சாகிற நாட்டில் நல்ல மாத்திரையைத் தூக்கி எறிவது பாவம்.

கூடவே சீனியும் கொடுத்தேன். "டாக்டரு வேணாம்னாரே லெட்சுமி" என்று முதல் நாள் கையை மூடிக்கொண்டார். "அவரு சொன்னது சீனி கெடைக்காத காலத்துல மதினி. இந்த வயசுல வாய்க்கு ருசியா ரெண்டு நக்கு நக்கினா என்ன ஆயிரும்" என்றேன். அவர் உள்ளங்கையை விரித்தார். ஒரு சின்னப் பிள்ளை போல அவ்வளவு சந்தோஷம். அதன் பிறகு வேளைக்கு வேளை கை நிறையக் கொடுத்தேன். சேமித்த சீனியில் பாதி அவருக்குத்தான் போனது. லயத்தில் என்னைப் பற்றிப் பெரிய பேச்சு. நாத்தனாரை இப்படித் தாங்குகிறவளைப் பார்த்ததில்லை என்றார்கள். மகராசி என்றார்கள். மருமகளைப் பட்டினி போடுகிற மாமியார்களைத்தான் ஊர் திட்டும். அள்ளிக் கொடுக்கிறவளை யாரும் சந்தேகப்படுவதில்லை.

புரட்டாசி மழையில், தேயிலை ஓரமாகக் கீரை பறிக்கப் போன இடத்தில் மதினியை அட்டை கடித்தது. எங்களுக்கெல்லாம் அட்டைக்கடி ஒரு விஷயமே இல்லை. சுண்ணாம்பைத் தடவிவிட்டு வேலையைப் பார்ப்போம். அவருக்கு ஆறவில்லை. விரலிடுக்கில் தொடங்கிக் கால் கறுத்துக்கொண்டே வந்தது. நான் தினமும் வெந்நீரில் கழுவி மஞ்சள் வைத்துக் கட்டினேன். வாடை தாங்க முடியாது. மூக்கைப் பொத்தாமல் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அழகுமுத்து ஒரு மத்தியானம் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, காசெல்லாம் வேணாங்க. வண்டி சும்மாதான் நிக்குது. இப்பவே தூக்கிட்டுப் போயிருவோம், காலு ரொம்ப மோசமா இருக்கு" என்றான். நல்ல பையன், அவனை இதில் இழுக்காதீர்கள். "மழை விடட்டும் தம்பி. ஈரத்துல கொண்டுபோனா சன்னி கண்டுரும்" என்றேன். எங்கள் மலையில் புரட்டாசி மழை எப்போது விட்டிருக்கிறது. அவனுக்குப் பிளேன்டீ கொடுத்து அனுப்பினேன்.

போனில் சுலக்ஷனா கேட்டாள். "அத்தைக்கு ஒண்ணுமில்ல, அட்டை கடிச்சது" என்றேன். உண்மைதானே.

தீபாவளி முற்பணம் கொடுத்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் வரிசையாக நின்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு எல்லோரும் நோர்வூட்டுக்கு இறங்கினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பையும் மூட்டையுமாக இடமே இல்லை. நான் இஸ்தோப்பில் நின்று பார்த்தேன். பிறகு உள்ளே போய்ப் பீப்பாய்களை எடுத்துக் கழுவி, கிடைத்த கொஞ்ச வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தேன். உள்ளே படுத்திருந்த மதினிக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"என்னா புள்ள, பண்டிகைக்கு வீடு கழுவுறியா?" என்றார்.

"ஆமா மதினி."

"அந்தப் பால்மா பாக்கெட்டு ஒண்ண ஒடச்சு எனக்கு ஒரு பால் டீ போட்டுக் குடேன். நாக்கெல்லாம் வறண்டு கெடக்கு."

நான் போய்ப் பாக்கெட்டை எடுத்தேன். எடுத்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலையும் எடுத்தேன். ஆனால் உடைத்த பால்மா எங்கள் ஈரத்தில் இரண்டே நாளில் கட்டி பிடித்துவிடும். ஒரு கோப்பைக்காக ஒரு பாக்கெட்டை உடைத்தால் மிச்சம் என்ன ஆவது. திரும்ப வைத்துவிட்டு, பிளேன்டீ ஊற்றி, உள்ளங்கையில் சீனி வைத்துக் கொடுத்தேன். அவரால் கையைத் தூக்க முடியவில்லை. நானே ஊட்டினேன். "போதும் புள்ள" என்றார். பண்டிகைக்கு முதல் நாள் போய்விட்டார்.

அந்தப் பால் டீயைக் கொடுத்திருக்கலாம். இது ஒன்றுதான் எனக்கு உறுத்தல். ஏனென்றால் மறுநாளே பால்மா வந்து குவிந்துவிட்டது. உடைத்திருந்தாலும் கணக்கில் ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் அது முன்கூட்டியே எனக்கு எப்படித் தெரியும்.

என்ன கூட்டம் தெரியுமா, மேடம். பண்டிகைக்கென்று வாங்கிய சாமானை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல நாளில் இப்படியாகிவிட்டதே என்று இரட்டிப்பாகக் கொடுத்தார்கள். தலைவர் செல்லசாமி ஒரு மூட்டை சம்பாவைத் தன் தோளில் சுமந்து வந்து இறக்கினார். "கலங்காதீங்க அக்கா, நாங்க இருக்கோம்" என்றார். நான் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதேன். நடிப்பு என்று நினைக்காதீர்கள். அவ்வளவு சாமானை, அவ்வளவு அன்பை ஒரே இடத்தில் நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. சுலக்ஷனா அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தாள். பச்சரிசியும் புழுங்கலும் கலந்துவிடாமல் பார்க்க எனக்கு ஒரு ஆள்கூட உதவவில்லை.

நீங்கள் கேட்கலாம், இவ்வளவையும் யாருக்காகச் சேர்த்தாய் என்று. எனக்காக இல்லை. நான் இப்போதும் இரவில் ரொட்டிதான் சாப்பிடுகிறேன். எல்லாம் சுலக்ஷனாவுக்காக. என் பிள்ளை நான் பட்ட பசியைப் படக் கூடாது. கல்யாணமாகி ராகலைக்குப் போனபோது இரண்டு பாக்கெட் பால்மா கேட்டாள். அப்போது கொடுக்க முடியவில்லை, முன்னால் இருந்த பழையது முடியவில்லை. பிறகு ஒருமுறை அரிசி கேட்டாள். பீப்பாயைத் திறந்தால் காற்றுப் புகும். அவளுக்கென்று வைத்ததை அவளே எடுத்துக் குறைத்துவிட்டால் பிறகு அவளுக்கு என்ன இருக்கும். அதைப் புரிந்துகொள்கிற வயது இன்னும் அவளுக்கு வரவில்லை.

போன மாதம் பிரசவத்துக்கு வந்தாள். கால் வீக்கம், பிரஷர் கொஞ்சம் கூட இருக்கிறது என்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். மருந்தெல்லாம் இந்த வீட்டில் என் பொறுப்புத்தான். முந்தாநாள் நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அவள் பின்பக்கம் புகுந்து மால்ட் டின்னைத் திறந்துவிட்டாள். அதில் இரண்டு பொட்டலம் இருந்தது. ஒன்றில் அத்தையின் பெயர். மற்றதில் அவள் பெயர்.

நான் திரும்பி வந்தபோது டின்னை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தைக்கு நீ என்னாம்மா குடுத்த இவ்வளவு நாளும்?" என்றாள்.

"சத்து மாத்திரை" என்றேன்.

"எனக்கு?"

"மெல்லப் பேசு புள்ள" என்றேன். அதிர்ந்து பேசினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் அழகுமுத்துவின் வண்டியில் ஏறிப் போனாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அவள் இப்போது ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறாள் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா.

சரி, மதினி விஷயத்தை எழுதுங்கள். மாத்திரையை மாற்றியது நான். சீனியைக் கொடுத்தது நான். மழையைக் காரணம் காட்டி ஆஸ்பத்திரிக்கு விடாதது நான். மீனம்மாவை நான்தான் கொன்றேன் என்று நீங்கள் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். வார்த்தைக்காகச் சண்டை பிடிக்கிறவள் அல்ல நான். சீல் வைத்த சாமானில் கரித்துணியை மட்டும் அவ்வப்போது மாற்றச் சொல்லுங்கள்.

மகளின் மாத்திரை வேறு விஷயம். அதையும் இதையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அது வெறும் சேமிப்பு. நாளைக்கே நாட்டில் மருந்து இல்லாமல் போகலாம். அவளுக்குத்தான் அது தேவைப்படும் என்று எடுத்து வைத்தேன். பெற்ற பிள்ளைக்கு யாராவது கெடுதல் நினைப்பார்களா.

போன வாரம் தலைவர் செல்லசாமியின் வீட்டுக்குப் போனேனா என்று கேட்கிறீர்கள். போனேன். அவர்தான் சுலக்ஷனாவிடம் ஏதோ சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார், இப்போதுதான் புரிகிறது. நான் கேட்டது ஒரு சாதாரணக் கேள்வி. கட்டிக்கொடுத்த மகள் பிரசவத்துக்கு வந்த இடத்தில் இறந்துபோனால், சங்கத்துச் சாமான் தாய்வீட்டுக்கு வருமா, புருஷன் வீட்டுக்குப் போகுமா என்று கேட்டேன். அப்படி ஒன்று இதுவரை நடக்கவில்லை, அதனால் சங்கத்துச் சட்டத்திலும் இல்லை. தீர்மானம் கொண்டுவந்தவள் நான். அதில் ஓட்டை இருந்தால் நான்தான் பார்க்க வேண்டும். தாய்வீட்டுக்குத்தான் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க அதில் என்ன இருக்கிறது, மேடம். மகளின் காரியத்தைப் பெற்றவள் கேட்டு வைக்காமல் வேறு யார் கேட்டு வைப்பார்கள்.